காட்சிச்சாலையில் பழவேற்காடு

மலாய் மொழியில் ‘காயின் பெலிக்காட்’ என்றொரு சொல் வழங்குகிறது. ‘காயின்’ என்பது துணி. ஆடவர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அங்கே அதுதான் பெயர். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தொழுகைக்குச் செல்வோர் பெரிதும் விரும்பி உடுத்துவது இக்கைலியையே. அப்பெயரில் உள்ள ‘பெலிக்காட்’ எந்த ஊர் என்று தேடிப் புறப்படுவோமாயின், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் உப்பேரிக்கும் நடுவே கிடக்கும் ஒரு சிற்றூரில் வந்து நிற்போம். அதுவே பழவேற்காடு. ஐரோப்பியர் நாவில் அது ‘பலியகாத்’ என்றும் ‘புலிகாட்’ என்றும் திரிந்தது. மலாய் மக்கள் நாவில் ‘பெலிக்காட்’ ஆயிற்று. அதுமட்டுமன்று. மெக்சிக்கோ நாட்டு மக்கள் கழுத்திலும் தலையிலும் கட்டிக்கொள்ளும் வண்ணக் கைக்குட்டைக்கு ‘பலியகாத்தே’ என்று பெயர். அதுவும் நம் பழவேற்காடே!

இவ்வாறு ஓர் ஊரின் பெயர் கீழ்த்திசைக் கடலையும் மேற்றிசைக் கடலையும் கடந்து நிலைத்துவிட்டது. ஆனால் அப்பெயரை ஈட்டித் தந்த பழந்துணியில் ஒரு முழத்தையேனும் காண விரும்பினால், நாம் போக வேண்டிய இடம் பழவேற்காடு அன்று. இலண்டன், ஆம்ஸ்டர்டாம், நியூயார்க், கோலாலம்பூர் என்று அயல்நாட்டு நகரங்களின் வாயில்களில் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இந்நிலை ஏன் வந்தது? எஞ்சியிருப்பதையேனும் காக்க வழியுண்டா? இவ்விரு வினாக்களையும் ஆய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்சிச்சாலைக்குள்

எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தைச் சென்னை நகரத்துப் பொதுமக்கள் ஒரு காலத்தில் ‘செத்த காலேஜ்’ என்றே அழைத்தனர். 1851-ஆம் ஆண்டில் அது கல்லூரிக் கட்டடம் ஒன்றில் தொடங்கப்பட்டதாலோ என்னவோ, அப்பெயர் நெடுங்காலம் நிலைத்தது. விலங்குக் காட்சிச்சாலை ‘உயிர்க் காலேஜ்’. பழம்பொருள் காட்சிச்சாலை ‘செத்த காலேஜ்’. நகைப்புக்கு உரியதாகத் தோன்றினும், அருங்காட்சியகம் என்பது நம் வாழ்வோடு தொடர்பற்ற பொருள்கள் கிடக்கும் இடம் என்னும் எண்ணம் அப்பெயரில் பொதிந்திருக்கிறது. இஸ்லாமியக் கலைக்கூடம் என்றாலும் நம்மவர் மனத்தில் எழும் படம் அதுவே: அரசர் ஏந்திய வாள், நவாபு அமர்ந்த இருக்கை, பொன் மைகொண்டு தீட்டிய திருமறை. அவற்றுக்கும் நம் வீட்டுப் பரணுக்கும் உறவு உண்டு என்று நாம் எண்ணுவதே இல்லை.

அவ்வெண்ணத்தைப் போக்கவல்லது, கோலாலம்பூரில் உள்ள மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். 1998-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் திறக்கப்பட்ட இக்கலைக்கூடம், அந்நாட்டின் தேசியப் பள்ளிவாசலுக்கு அண்மையில், பசுமை சூழ்ந்த பூங்காவை ஒட்டி, 30,000 சதுர மீட்டர்ப் பரப்பில் எழுந்து நிற்கிறது. ஈரானியக் கைவினைஞர் ஓடு பதித்த நீலப்பச்சைக் கும்மட்டங்கள் அதன் முடியில் ஒளிர்கின்றன. உள்ளே ஓரிடத்தில் கும்மட்டம் ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்து விதானத்திலிருந்து இறங்கி வருவதுபோல் அமைந்திருப்பது காண்போரைத் திகைக்கச் செய்யும்.

நாம் அக்கூடங்களைச் சுற்றி வருகையில் முதலில் உணர்வது ஓர் ஒழுங்கினை. பள்ளிவாசல்களின் சிறு வடிவங்கள் ஒரு கூடத்தில். திருக்குர்ஆன் பிரதிகளும் கையெழுத்துச் சுவடிகளும் மற்றொரு கூடத்தில். பின்னர் இந்தியா, சீனம், மலாய் உலகம் என நாட்டுவாரியாகக் கூடங்கள். அதன்மேல் துணி, அணிகலன், படைக்கலம், நாணயம், மரம், மட்கலம், உலோகம் எனப் பொருள்வாரியாகக் கூடங்கள். மேலைநாடுகளில் உள்ள இஸ்லாமியக் கலைக்கூடங்கள் பெரும்பாலும் அரபகம், பாரசீகம், துருக்கி ஆகியவற்றையே நடுநாயகமாக வைத்துள்ளன. இவ்விடத்திலோ ஆசியாவின் கீழ்த்திசைக்கு முதன்மை தரப்பட்டிருக்கிறது.

சீனக் கூடத்தில் சிறிது நேரம் நின்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். அங்குள்ள அரபு எழுத்துகள் எழுதுகோலால் அல்லாமல் தூரிகையால் சீனப் பாணியில் தீட்டப்பட்டவை. எழுத்தின் முனைகள் மூங்கில் இலைபோல் மெலிந்து நீளும். பீங்கான் கலங்களிலும் அரபு மொழி எழுதப்பட்டிருக்கிறது. மொழி அரபு, கை சீனம். அந்தக் கை ஏந்திய தூரிகையை ஏற்றுக்கொள்ள இஸ்லாமியக் கலை தயங்கவில்லை. மலாய்க் கூடத்துச் சுவடிகளோ ‘ஜாவி’ எழுத்தில் அமைந்தவை. மலாய் மொழியின் தனி ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி ஆக்கிக்கொண்ட எழுத்துமுறை அது. நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட அரபுத் தமிழுக்கு அது உடன்பிறப்பு என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் இந்தியக் கூடத்துக்கு வந்து நிற்கும்போது தமிழ் முஸ்லிமின் கண்கள் எதையோ தேடும். அங்கே பெரிதும் முகலாயர் காலத்துப் பொருள்களே கண்ணில் படுகின்றன. பச்சைக்கல் பிடியமைந்த கட்டாரியும், சிற்றோவியமும், மணி பதித்த அணியும் எழில் மிக்கவைதாம், ஐயமில்லை. எனினும், தமிழ்க் கடற்கரையில் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு அரியணையும் இல்லை, அரசவை ஓவியனும் இல்லை. அவர்கள் வணிகர், மாலுமிகள், முத்துக் குளிப்போர், ஆலிம்கள், நெசவோர். அவர்கள் விட்டுச் சென்ற கலை எது? அதற்கு விடை துணிக்கூடத்தில் இருக்கிறது.

துணி சென்ற வழி

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 1516-இல், கண்ணனூரில் பணிபுரிந்த போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா இந்தியக் கரையோரத் துறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் பழவேற்காட்டைப் பற்றிய குறிப்பு நமக்கு மிகவும் பயன்படுவது. அவ்வூரில் முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் பெருந்தொகையினராக வாழ்ந்தனர் என்றும், அங்கே உருவாகும் அச்சிட்ட பருத்தித் துணிகளுக்கு மலாக்கா, பெகு, சுமத்ரா ஆகிய இடங்களில் நல்ல விலை உண்டு என்றும், பெகுவிலிருந்து மாணிக்கமும் கஸ்தூரியும் அங்கே வந்து இறங்கின என்றும் அவர் கூறுகின்றார். ஐரோப்பியர் கோட்டை கட்டுவதற்கு முன்னரே அது செல்வம் கொழித்த துறைமுகம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒல்லாந்தர் வந்தது பின்னர்தான். விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடரிடம் 1610-இல் இசைவு பெற்று, 1613-இல் ‘ஜெல்திரியா’ என்னும் கோட்டையை அவர்கள் எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடமாயிற்று. 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமை மாறும் வரையில் அந்நிலை நீடித்தது. அவர்கள் ஏன் இங்கே வேரூன்றினர்? கிராம்பும் சாதிக்காயும் விளைந்த மலுக்கா தீவுகளின் மக்கள் வெள்ளியைக் காட்டிலும் துணியையே விரும்பி வாங்கினர். சோழமண்டலத் துணி இல்லையேல் நறுமணப் பொருள் இல்லை. ஒல்லாந்தரின் மாபெரும் வணிகம் இப்பகுதித் தறியின் குழியில் காலூன்றி நின்றது எனலாம்.

அக்காலத்தின் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. அதே துறையில் வெடிமருந்துச் சாலை இயங்கியது. பஞ்சத்திலும் போரிலும் நலிந்த ஏழை மக்கள் விலைக்கு வாங்கப்பட்டு, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் பத்தாவியா முதலிய இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். துணி மூட்டையோடு மனிதரையும் சரக்காக ஏற்றிய துறை அது. பழவேற்காட்டின் பெருமையை எழுதுவோர் இச்செய்தியையும் அதே பக்கத்தில் எழுதுதல் வேண்டும்.

1640-களில் இப்பகுதி கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் ஆட்சிக்குள் வந்தது. அவருடைய தளபதியான மீர் ஜும்லா பாரசீகத்தில் பிறந்தவர்; படை நடத்தியதோடு கப்பலும் ஓட்டியவர்; துணி வணிகத்திலும் வைர வணிகத்திலும் பெரும்பொருள் ஈட்டியவர். அவர் காலத்துச் சின்னம் ஒன்று இன்றும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பூந்தமல்லியில் 1653-இல் கட்டப்பட்ட பள்ளிவாசலே அது. பாரசீகத்திலும் தெலுங்கிலும் பொறித்த கல்வெட்டுகள் அங்கே உள்ளன. இறையில்லம் எழுந்த செய்தியை ஆட்சியாளரின் மொழியிலும் அயலாரின் மொழியிலும் பொறித்து வைத்த பண்பு எண்ணி மகிழத்தக்கது.

துணி எங்கெங்கு சென்றதோ அங்கெல்லாம் மனிதரும் சென்றனர். மலாக்காவில் 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய கம்போங் கெலிங் பள்ளிவாசலும், பினாங்கில் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சோழமண்டலக் கரைக்கும் மலாய் நாட்டுக்கும் இருந்த உறவுக்குக் கற்சான்றுகள். மலாய் மண்ணில் அவர்தம் தொழுகையிடங்கள் பெயரோடு நிற்கின்றன. அவர்கள் ஏற்றிச் சென்ற கைலியும் ஊர்ப்பெயரோடு நிற்கிறது.

யாருடைய கலை?

இங்கே ஒரு வினா எழும். அத்துணியை நெய்தவர் அனைவரும் முஸ்லிம்கள் அல்லரே. அதனை இஸ்லாமியக் கலை என்று கூறலாமா?

இவ்வினாவுக்கு விடை காண, ஓர் எழுதுவண்ணத் துணி பிறந்த விதத்தை அறிந்துகொள்ளுதல் நலம். கைக்கோளரும் தேவாங்கரும் நெய்து தந்த வெண்துணியைச் சாணமிட்டு ஊறவைத்து வெயிலில் வெளுப்பர். பின்னர்க் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். பாலில் உள்ள கொழுப்பு, மை பரவாமல் காக்கும். இரும்பை ஊறவைத்துக் கிடைத்த நீரால் கருங்கோடுகளை வரைவர். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டி, சாயவேர் இட்டுக் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறி நிற்கும். சாயவேர் என்பது கடற்கரை மணலில் ஆழமாக வேரோடும் ஒரு சிறு செடியின் வேர். நீலம் வேண்டுமாயின், நீலம் படக்கூடாத இடங்களை எல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்த்தெடுப்பர். நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை பிறக்கும். ஒரு துணி முற்றுப்பெற வாரங்கள் பல ஆகும். கைகள் பல வேண்டும்.

இக்கலைக்கு நாம் வழங்கும் ‘கலம்காரி’ என்னும் பெயர் பாரசீகத்தது. எழுதுகோலால் செய்யும் வேலை என்பது அதன் பொருள். பெயர் பாரசீகம், வேர் தமிழ்க் கடற்கரை மணல். தறியில் அமர்ந்தவர் இந்து. முன்பணம் கொடுத்துத் துணி பெற்றவருள் செட்டியாரும் உண்டு, மரைக்காயரும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழவேற்காட்டில் ஒல்லாந்தருக்குத் துணி வாங்கித் தந்த பெருந்தரகர், ‘மலயா’ என்று குறிக்கப்படும் அச்சுதப்பச் செட்டியார். கொண்டுபோனவர் முஸ்லிம் மாலுமி, ஒல்லாந்துக் கப்பல்தலைவன். உடுத்தியவர் ஜாவாவின் பள்ளிவாசலில் தொழுத மலாய் முஸ்லிம். வாங்குவோரின் சுவைக்கேற்ப உருவம் தவிர்த்துக் கொடியும் மலரும் கட்டமும் நெய்யப்பட்டன. இத்தனை கைகளும் கூடி ஆக்கிய பொருளை ஒருவருக்கு மட்டும் உரியதென்று வெட்டிப் பிரிக்க எவராலும் இயலாது. சீனத் தூரிகையை ஏற்றுக்கொண்ட கலை, தமிழகத் தறியையும் ஏற்றுக்கொண்டது. இஸ்லாமியக் கலை என்பது இஸ்லாமிய வாழ்வுக்குப் பயன்பட்ட கலை. அதனை ஆக்கிய அயலாரின் உழைப்பையும் நன்றியோடு சேர்த்துச் சொல்லும் கலை. நாம் காட்சிச்சாலையிலிருந்து கற்று வரவேண்டிய முதற்பாடம் இதுவே.

மணலும் ஈரமும்

இத்துணிகள் நம்மிடம் ஏன் மிஞ்சவில்லை? முதற்காரணம் இயற்கை. எகிப்து நாட்டின் பழைய நகரமான ஃபுஸ்தாத்தின் மணலில் இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் பல நூற்றாண்டுகள் கிடந்தும் சாயம் மங்காமல் கிடைத்துள்ளன. குசராத்திலிருந்து சென்ற அத்தகைய துண்டுகளை உள்ளடக்கிய தொகுப்பொன்று ஆக்ஸ்ஃபோர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1,200-க்கும் மேற்பட்ட துண்டுகள்! எகிப்தின் வறண்ட மணல் காத்தது. நம் கரையின் ஈரக்காற்றும் உப்பும் கறையானும் விட்டுவைக்கவில்லை.

இரண்டாவது காரணம் மனிதர். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் வாழும் தொராஜா மக்கள், வணிகர் கொண்டுவந்த இந்தியத் துணிகளைப் புனிதப் பொருளாகக் கருதிச் சடங்குகளில் மட்டும் வெளியே எடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர். உலகக் காட்சிச்சாலைகளில் உள்ள மிகப் பழைய இந்தியத் துணிகள் சில அவ்வாறு கிடைத்தவையே. நமக்கோ அது அன்றாட உடை. கட்டிக் கிழிந்த பின் கைப்பிடித் துணி. அதன்பின் விளக்குத் திரி. ஆக்கியவன் அருமையை அறியான். தொலைவில் வாங்கியவனே அறிவான் போலும்.

மாவட்டத்தில் மிஞ்சியவை

துணி போயிற்று, வேறு என்ன மிஞ்சியிருக்கிறது?

1997-இல் தனி மாவட்டமான திருவள்ளூரை இன்று நாடு அறிவது ஆலைகளின் பெயரால். கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தில் உருக்காலைகள் புகைகின்றன. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் பெருந்துறைமுகங்கள் இயங்குகின்றன. பழவேற்காட்டின் உப்பேரிக்குத் தெற்கே மின்நிலையங்களின் புகைப்போக்கிகள் தெரிகின்றன. இம்மாவட்டத்தில் அருங்காட்சியகமே இல்லை என்று கூறுவதற்கில்லை. பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் உள்ளது. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் அதற்கு அண்மையில்தான் இருக்கிறது. அக்கருவிகளுள் பழமையானவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிஞர்கள் நிறுவினர். பதினைந்து லட்சம் ஆண்டுக்கு முந்திய கல்லுக்கு ஓர் இடம் கிடைத்தது பெருமைக்குரியது. நானூறு ஆண்டுக்கு முந்திய தறிக்கும் கப்பலுக்கும் அத்தகைய இடம் வேண்டாமா?

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கிய அக்கல்லறைத் தோட்டத்தைக் காண வெளியூரார் வருகின்றனர். அவர்கள் அங்கிருந்து சில அடிகள் நடந்தால், முஸ்லிம் தெருக்களையும் பள்ளிவாசல்களையும் காணலாம். பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய அமைத்த பழைய சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. நிழல் விழும் கோட்டைக் கொண்டு லுஹர் எப்போது, அஸர் எப்போது என்று கணித்த அறிவியற் கருவி அது. கோலாலம்பூரில் வைத்தால் கண்ணாடிக்குள் வைப்பார்கள். இங்கே வெயிலில் இருக்கிறது. வெயிலில் இருப்பதே அதற்கு அழகு; ஆனால் அது யாது என்று சொல்லும் சிறு பலகையேனும் வேண்டும்.

பனங்குருத்தோலையால் பெட்டியும் கூடையும் முடையும் கைவினை இவ்வூர் முஸ்லிம் பெண்டிரிடம் இன்றும் உண்டு. வண்ணமேற்றிய ஓலை நறுக்குகளைக் கட்டம் கட்டமாகப் பின்னும் அவர்களின் விரல்களில் கைலியின் பாவும் ஊடையும் வேறு வடிவில் வாழ்கின்றன என்று கூறத் தோன்றுகிறது. மாவட்டத்தின் மேற்கே பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் தறியோசை இன்னும் கேட்கிறது.

இவை யாவற்றினும் அரியது ஒன்றுண்டு. இவ்வூர் முஸ்லிம்களின் முன்னோர் அரபகத்திலிருந்து மரக்கலங்களில் வந்து இறங்கினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. அதனைச் சொல்லும் அரபுத் தமிழ் ஆவணங்களைச் சில குடும்பங்கள் பேணி வருகின்றன. அரபுத் தமிழ் என்பது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். ‘ஞ’, ‘ங’, ‘ள’, ‘ழ’ போன்ற ஒலிகளுக்குப் பொருந்த அரபு எழுத்துகளில் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சன்மார்க்க நூல்களை இவ்வெழுத்தில் யாத்தனர். பெண்கள் இவ்வெழுத்திலேயே ஓதினர், கடிதம் எழுதினர், வணிகர் கணக்கு எழுதினர். இன்று அதனைத் தடையின்றி வாசிக்க வல்லார் மிகச் சிலரே.

மரியாதையும் மறதியும்

இங்கேதான் நாம் அஞ்சவேண்டிய ஓர் இழப்பு மறைந்திருக்கிறது. திருக்குர்ஆனின் கிழிந்த ஏடுகளைக் காலில் படும்படி விடலாகாது என்பதற்காக, அவற்றைத் துணியில் சுற்றி மண்ணில் புதைப்பதும் நீரில் விடுவதும் நம்மிடையே உள்ள வழக்கம். இது மரியாதையில் பிறந்த நல்வழக்கம். ஆனால் அரபுத் தமிழை வாசிக்க அறியாத பேரனுக்கு, பாட்டனாரின் கணக்கேடும், மணப்பதிவும், கப்பற்சரக்குப் பட்டியலும், தாலாட்டுப் பாடலும் ஒன்றாகவே தோன்றும். ‘அரபு எழுத்து இருக்கிறதே’ என்று பக்தியோடு அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடலில் விட்டுவிடுகின்றான். பகைவன் எரித்த நூலகத்துக்காக நாம் கண்ணீர் வடிக்கிறோம். மரியாதையோடு நாமே மூழ்கடிக்கும் நூலகத்துக்காக யார் வருந்துவது?

இதே மரியாதை வேறோர் இடத்தில் வேறு பயனைத் தந்தது. யமன் நாட்டுத் தலைநகர் சன்ஆவின் பெரிய பள்ளிவாசலில், 1972-இல் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது, கூரைக்கும் விதானத்துக்கும் இடையே பழைய தோலேடுகளும் தாளேடுகளும் குவியலாகக் கிடந்தன. பயன்படுத்த இயலாத ஏடுகளை மரியாதை கருதி முன்னோர் அங்கே வைத்திருந்தனர். அந்நாட்டுத் தொல்பொருள் துறைத் தலைவரான காழி இஸ்மாயீல் அல்அக்வஃ அவற்றின் அருமையை உணர்ந்து, அயல்நாட்டு அறிஞர் துணையோடு அவற்றைச் செப்பனிட ஏற்பாடு செய்தார். இன்று உலகில் அறியப்பட்டுள்ள மிகப் பழைய திருக்குர்ஆன் ஏடுகளுள் அவையும் அடங்கும். அங்கும் மரியாதை, இங்கும் மரியாதை. அங்கே அது பரணில் வைத்தது. இங்கே அது கடலில் விடுகிறது. மரியாதையோடு அறிவும் சேர்ந்தால் அது காவல். அறிவு நீங்கினால் அது இழப்பு.

செய்ய வேண்டியது

கோலாலம்பூரில் எழுந்ததுபோன்ற மாளிகையை நாளையே பழவேற்காட்டில் எழுப்ப வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கட்டடம் பின்னர் வரட்டும். பொருள் முன்னர் நிற்க வேண்டும். பொருள் அழிந்த பின் எழும் கட்டடம் வெறும் ‘செத்த காலேஜ்’ ஆகவே இருக்கும்.

முதற்பணி, ஜமாஅத்துகள் ஒரு பட்டியல் எடுப்பது. யார் வீட்டில் என்ன ஏடு உள்ளது, எந்தப் பள்ளிவாசலில் எந்தக் கல்வெட்டு உள்ளது என்று ஒரு பதிவேட்டில் எழுதினால் போதும். பொருளை வாங்க வேண்டாம், உரிமையாளரிடமே இருக்கட்டும். ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படமாக எடுத்துவைக்க இன்று கைப்பேசி ஒன்றே போதுமானது. கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டலாகாது. அதன் பசை தாளை அரித்துவிடும். நெகிழித் தாளில் வைத்து மூடிவிடவும் கூடாது. ஈரம் உள்ளேயே தங்கும். தூய பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், வசம்பும் வேப்பிலையும் அருகிலிட்டு வைக்கும் முன்னோர் முறை இன்றும் நல்ல முறையே. இராமபாணப் பூச்சிக்கும் கறையானுக்கும் இடம் கொடாதவாறு ஆண்டுக்கு இருமுறையேனும் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது பணி, படிப்பது. பொன்னேரியிலும் பழவேற்காட்டிலும் உள்ள மதரஸாக்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் அரபுத் தமிழ் வாசிப்புக்கு ஒதுக்கலாம். அரபு எழுத்தை அறிந்த பிள்ளைக்குக் கூட்டிய புள்ளிகளை மட்டும் கற்பித்தால் போதும்; தமிழோ அதன் தாய்மொழி. ஓராண்டில் பத்துப் பிள்ளைகள் வாசிக்கக் கற்றால், கடலுக்குப் போகவிருக்கும் மூட்டையை அவிழ்த்து, ‘இது மறை, இது கணக்கு, இது பாட்டு’ என்று பிரித்துச் சொல்ல ஊரில் ஆள் இருக்கும். சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அரபு, பாரசீக, உருதுச் சுவடிகள் பேணப்படுகின்றன. அத்தகைய நிறுவனங்களின் வல்லுநர்களை அழைத்து அறிவுரை பெறுவதும் இயலாத காரியமன்று.

மூன்றாவது பணி, காட்டுவது. பள்ளிவாசலின் ஒரு பக்கத்து அறையில் ஓர் அலமாரி. அதில் ஓர் ஏடு, ஒரு கைலி, ஓர் ஓலைப்பெட்டி, சாயவேர் ஒரு பிடி, ஒல்லாந்தர் காலத்து வரைபடத்தின் படி ஒன்று. தொடக்கத்துக்கு இவை போதும். அந்த அலமாரியில், துணியை நெய்த கைக்கோளர், தேவாங்கரின் பெயரும், அடிமையாகக் கப்பலேறிய பெயரற்ற மக்களின் நினைவும் இடம்பெறுதல் வேண்டும். அப்போதுதான் அது ஒரு சாராரின் பெருமைப் பேழையாக இல்லாமல் ஊரின் வரலாறாக விளங்கும்.

யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்பாரும் உண்டு. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்க வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்களுள் முஸ்லிம்கள் பலர். வெள்ளிக்கிழமையன்று கட்டம் போட்ட லுங்கி உடுத்தி ஜும்ஆவுக்கு அணிவகுக்கும் அவர்களுக்கு, இம்மண் ஒரு காலத்தில் உலகுக்கே உடை தந்த மண் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? ஆலைக்கு நிலம் தந்த உழவர் வீட்டுப் பிள்ளைக்கும், உப்பேரியில் வலை வீசும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் தம் ஊர்ப்பெயர் மலாய் மொழியில் வாழ்வது தெரியுமா? பார்க்க வேண்டியவர்கள் அருகிலேயே இருக்கின்றனர். காட்ட வேண்டியவர்கள்தாம் இன்னும் எழவில்லை.

பழவேற்காட்டின் பெயரை மலாய் மக்கள் நானூறு ஆண்டுகளாகத் தம் இடுப்பில் வைத்துக் காத்துத் தந்தனர். பழவேற்காட்டின் ஏடுகளை நம் பேரர்களின் காலம் வரையிலேனும் காப்பது நம் கடன். அடுத்த ரமளானுக்கு முன் வீட்டைத் தூய்மை செய்யும்போது, பரணில் உள்ள பழைய துணிமூட்டை கைக்கு எட்டுமாயின், அதனைக் கடற்கரைக்கு எடுத்துச் செல்லும் முன் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.